தாய்மார் கூடிப் பேசுவது வீண் பேச்சா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சற்றுப் படித்தவர்களும் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்களும் கூடியிருக்கும் இடங்களில், பிறவியிலேயே இருதயத்தில் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றிப் பேச்சு எழுமானால், அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து முடிவதை நான் வெகு காலமாகக் கவனித்து வருகிறேன். "முன்போல இல்லை ஐயா, இப்போது காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆபரேஷனுக்குக் காலணா செலவில்லை, இனி என்ன குறை?" என்பது அதன் முதற்படி. அந்தத் தாய்மார் ஒருவரையொருவர் தேடிப் போய்ப் பேசுகிறார்கள், புதிதாகக் குறை தெரியவந்த குழந்தையின் தாய்க்குப் பழையவள் ஒருத்தி துணை நிற்கிறாள் என்று யாரேனும் சொன்னால், "பாவம், மனத்துக்கு ஓர் ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும்" என்பது இரண்டாம் படி. பேசுகிறவர் சற்றுக் கண்டிப்பான மனிதராக இருந்துவிட்டால் மூன்றாம் படியும் ஏறிவிடுவார்: "டாக்டர் சொன்னபடி நடப்பதை விட்டுவிட்டு, விவரம் தெரியாத பெண்கள் நாலு பேர் கூடினால் பயந்தான் வளரும், அரைகுறை வைத்தியந்தான் பரவும்." கேட்பதற்கு மூன்று அபிப்பிராயங்களாகத் தோன்றினாலும், ஒரே அபிப்பிராயந்தான் அனுதாபத்திலிருந்து அலட்சியத்துக்கும், அலட்சியத்திலிருந்து கண்டனத்துக்கும் இப்படிப் படி ஏறுகிறது. சிகிச்சையாவது ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்வது, தாய்மார் தம்முள் செய்துகொள்வது அதற்குப் புறம்பான ஏதோ ஒன்று என்பதே அதன் சாரம். அது தவறு என்பது என் கட்சி.

எதிர்க்கட்சியார் சொல்வதில் வாஸ்தவமானதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பெரியம்மாவுக்கு ஒரு பையன் இருந்தான். தெருவில் எங்களோடு ஓடி வருவான்; பாதி ஓட்டத்தில் நின்று, நடுத்தெருவென்றும் பாராமல் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான்; உதடும் நகக்கண்ணும் நாவற்பழம் தின்றவனுடையதுபோல இருக்கும். புள்தோஷம் என்று ஒருவர் சொன்னார், செவ்வாப்பு என்று மற்றொருவர் சொன்னார், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடி இறக்கினார்கள். ஏழு வயசில் போய்விட்டான். உலகத்தின் மறு கோடியில் அதற்குப் பரிகாரம் அதற்குள் தோன்றியிருந்தது. 1944ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹெலன் டாசிக் என்ற குழந்தை வைத்திய நிபுணரின் யோசனைப்படி, ஆல்பிரட் பிளேலாக் என்ற சர்ஜன் இப்படி நீலம் பாய்ந்த ஒரு குழந்தைக்கு முதன்முதலாக இரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்தார். 1949இல் ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க சர்ஜன் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு துறையைத் தொடங்கினார். ஆயினும் வேலூருக்கும் எங்கள் தெருவுக்கும் இருந்த தூரம் மைல் கணக்கில் அடங்குவதன்று. அந்தத் தூரத்தை 2009ஆம் ஆண்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பெருமளவு குறைத்தன. 2013இல் தேசிய அளவில் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் வண்டி போட்டுக்கொண்டு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறையும் வந்து, பதினெட்டு வயசு வரையுள்ள பிள்ளைகளின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறார்கள். இவற்றையெல்லாம் சாமானியம் என்று சொல்ல, பெரியம்மாவின் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த எனக்கு நாக்கு வராது.

ஆனால் "இனி என்ன குறை?" என்று அவர்கள் கேட்டு முடிக்கும் இடத்தில்தான் நான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஆபரேஷன் என்பது சில மணி நேரத்துக் காரியம். அதற்கு முன்னும் பின்னும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிவது சில நாள், மிஞ்சினால் சில வாரம். மற்ற நாளெல்லாம் அந்தக் குழந்தை இருப்பது சம்மந்தபுரத்திலோ மலையடிப்பட்டியிலோ ஒரு வீட்டில், ஒரு தாயின் மடியில். "கொஞ்சம் எடை ஏறட்டும், பிறகு செய்யலாம்" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். உறிஞ்சிக் குடிக்கவே மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு அந்த எடையை ஏற்றுகிறவர் யார்? அந்தத் தாய்தான். அவள் செய்வதும் சிகிச்சையே என்பதை நம் ஊர்க்காரர்களிடம் பாண்டேஜ் துணி கொண்டே விளக்கிவிடலாம். பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் அந்தத் துணி நாடெங்கும், கடல் கடந்தும், ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆபரேஷன் மேஜையில் இரத்தத்தை ஒற்றி எடுக்கும் அந்தத் துணியை, கத்தி அன்று என்னும் காரணத்தால் சிகிச்சையில் சேராது என்று எந்த சர்ஜனும் வாதிக்கமாட்டார். அது இல்லாமல் கத்தியைக் கையில் எடுக்கவும் மாட்டார்.

சில காலத்துக்கு முன், உறவுக்காரக் குழந்தை ஒன்றுக்குத் துணையாக, நம் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேலுள்ள மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நான் ஒன்பது இரவுகள் கழித்தேன். குழந்தைகள் வார்டுக்குள் இரவில் பெண் துணை தவிர ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆகையால் தகப்பன்மாரும் தாத்தாமாருமாகிய நாங்கள் ஜன்னலுக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்திருப்போம், உள்ளே பேசுவது எல்லாம் காதில் விழும். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து நாலு மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து சேர்ந்த அன்று, வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருத்தி, தன் ஆறு வயசுப் பையனை ஆண்டுப் பரிசோதனைக்குக் கொண்டுவந்து தங்கியிருந்தாள். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ள பால் குடிக்கையில நெத்தி வேர்க்குதா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. குடிக்கக் குடிக்க வேர்த்து ஊத்துது. ரெண்டு வாய் குடிச்சிட்டு விட்டுருது. ஒனக்குப் பாலு பத்தலன்னு வீட்டுல எல்லாரும் என்னயத்தான் சொல்றாக."

"பாலு பத்தாமயில்ல தங்கச்சி. ஒன் பிள்ளைக்கு உறிஞ்சுறதே ஓட்டம் ஓடுற மாதிரி. இளைச்சுப் போகுது. பீச்சிப் பாலாடையில குடு. தலைய ஒசத்தி வச்சு, ரெண்டு மணிக்கொருக்க கொஞ்சங் கொஞ்சமாக் குடு. ஆனா மருந்துக்குப் பாலாடக் கணக்கு ஆகாது, ஆமா. ஊசியில்லாத சிரிஞ்சு ஒண்ணு நர்சம்மாட்ட வாங்கி, கோடு பாத்து எடு."

அன்றிரவு தொடங்கிய பேச்சு மூன்று இரவுகள் நடந்தது. காப்பீட்டுக்கு எந்தெந்தக் காகிதம், வருமானச் சான்றுக்கு யாரிடம் போகவேண்டும், எக்கோ அறிக்கையை லேமினேஷன் செய்துவிட்டால் டாக்டர் அதில் எழுத இடம் இராது, ஆகையால் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வது. ஆபரேஷன் முடிந்த பிறகு பிள்ளையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் போலச் செல்லும், அதுவரை தலைக்கு ஒரு கையும் புட்டத்துக்கு ஒரு கையும் கொடுத்து அள்ளித்தான் தூக்கவேண்டும். பல் முளைத்த பின் சொத்தை விழாமல் பார்த்துக்கொள்வது, ஏனென்றால் வாயிலிருந்து கிருமி இரத்தத்தில் இறங்கி இருதயத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், பல் பிடுங்கப் போனால் முதலில் இருதயச் சீட்டைக் காட்டவேண்டும், சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கவேண்டியிருக்கும். காது குத்துக்கு நாள் பார்க்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது. நடுவே ஒரு முறை தன் பையனைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கி, நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய தழும்பை அவளுக்குக் காட்டினாள். வந்தவள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அழவில்லை.

இதிலே ஆறுதல் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கண்டிப்பான மனிதர்கள் எடுத்துக் காட்டட்டும். "இவையெல்லாம் டாக்டர் சொல்லாததா?" என்று கேட்பார்கள். சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. நாளொன்றுக்கு நூறு குழந்தைகளைப் பார்க்கிற ஒருவர், 'உன் குழந்தையின் இருதயத்தில் ஓட்டை' என்ற சொல்லைச் சொன்ன அதே மூச்சில் மற்றவற்றையும் சொல்லியிருப்பார்; அந்த முதற்சொல்லுக்குப் பிறகு தாயின் செவியில் எதுவும் ஏறியிராது. தர்க்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம் என்றும் சப்தம் என்றும் பிரமாணங்களைப் பிரிப்பார்கள். டாக்டரின் வாக்கு சப்தப் பிரமாணம். வராந்தாவில் ஓடி விளையாடும் பையனின் நெஞ்சுத் தழும்பு பிரத்தியட்சப் பிரமாணம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவேண்டிய நேரத்தில் கை நடுங்குகிறவளுக்கு இவ்விரண்டில் எது பேசும் என்பதைச் சொல்ல சாஸ்திரம் வேண்டியதில்லை.

"விவரம் தெரியாத பெண்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனெனில் இந்த வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல்தான் நிற்கிறது. மேலே சொன்ன பால்டிமோர் ஆபரேஷனிலே, சர்ஜன் பிளேலாக்கின் முதுகுக்குப் பின்னால் ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்றுகொண்டு, தையல் எந்தத் திக்கில் போகவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின மனிதர். தச்சு வேலை செய்தவர். கல்லூரிக்கென்று சேர்த்த பணம் 1929ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் போயிற்று. டாக்டர் பட்டம் கிடையாது. சோதனைச்சாலையில் நாய்களுக்கு அதே ஆபரேஷனைப் பலமுறை செய்து பழகிய கை அவருடையது. சர்ஜனோ அவர் செய்யப் பார்த்திருந்தவர். தாமஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1976இல், முப்பத்திரண்டு வருஷம் கழித்து. விவரம் எங்கே குடியிருக்கிறது என்பதைப் பட்டத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர்கள், இந்த சாஸ்திரத்தின் பிறப்பிலேயே தோற்றுப்போனவர்கள்.

என் பெரியம்மாவின் பையன் நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்தானே, அது என்ன? முழங்காலை மடக்கி அழுத்தி உட்காரும்போது காலுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் நெருங்குகின்றன, உடம்பின் பக்கம் எதிர்ப்பு கூடுவதால், இருதயத்து ஓட்டை வழியே நேராக உடம்புக்குத் தப்பிப் போகும் கெட்ட இரத்தம் தடைப்பட்டு, அதில் ஒரு பங்கு நுரையீரலுக்குத் திரும்புகிறது, நீலம் குறைகிறது. இதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உடம்பு தானே கண்டுகொண்ட வைத்தியம். இன்று கைக்குழந்தை நீலம் பாய்ந்து திணறினால், இரு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அணைத்து, அழவிடாமல் அமர்த்தி, அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்வது அதே வித்தைதான். பெரியம்மா அதைத் தினம் பார்த்தாள். உட்கார்ந்தால் தெளிகிறான், எழுப்பினால் கறுக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "நடுத்தெருவில் என்னடா உட்காருகிறாய்" என்று அதட்டுகிறவர்களை அவள் சண்டைக்கு இழுத்ததை நான் கண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்வதற்கும், தெரிந்தது சரிதான் என்று கேட்பதற்கும் அதே நிலையிலுள்ள இன்னொரு தாய் அவளுக்கு அகப்படவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மையான பலம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஜயித்ததாகச் சொல்லிக்கொள்வது நேர்மையாகாது. தாய்மார் பேச்சு தவறான வழியும் காட்டும் என்கிறார்களே, அது நடக்கிறது. "எம் பிள்ளைக்கும் ஓட்டைதான் இருந்துச்சு, தானா மூடிருச்சு, நீ எதுக்குப் பிள்ளைய அறுக்கக் குடுக்கிற?" என்று ஒருத்தி சொல்கிறாள். அவள் சொல்வது பொய் இல்லை. சின்ன ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய ஓட்டை அப்படி மூடுவதில்லை. அதை முதல் ஓரிரு வருஷங்களுக்குள் அடைக்காமல் விட்டால், நுரையீரலுக்குப் போகும் இரத்த வேகத்தால் அங்குள்ள குழாய்கள் தடித்து இறுகி, பிறகு ஆபரேஷன் செய்தாலும் பயனில்லை என்ற நிலை வந்துவிடும். அப்படிக் காலம் தப்பிப்போன பிள்ளைகள் நம் பக்கத்திலும் உண்டு. இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகு நான் கேட்பது இதுதான்: அந்தத் தவறான வார்த்தை எங்கே சொல்லப்பட்டது? குழாயடியில், கல்யாண வீட்டில், பஸ்ஸில், ஒரே ஒருத்தி ஒரே ஒருத்தியிடம் காதோடு சொன்னது. அதே வார்த்தையைப் பத்துத் தாய்மார் வட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு நர்ஸம்மாளும் உடனிருக்க, அவள் சொல்லியிருந்தால், "ஒன் பிள்ளைக்கு எத்தன மில்லிமீட்டர், இவ பிள்ளைக்கு எத்தன?" என்று கேட்பதற்கு அங்கே ஆள் இருந்திருக்கும். வதந்திக்கு மருந்து பேச்சைத் தடுப்பதாகாது. பேச்சை மறைவிலிருந்து சபைக்குக் கொண்டுவருவதே மருந்து. கூடாதே என்று தடுக்கிறவர்கள் உண்மையில் தடுப்பது கூட்டத்தைத்தான். குழாயடியைத் தடுக்க அவர்களால் ஆகாது.

இது என் சொந்த யூகமும் அன்று. நேபாளத்தில் மக்வான்பூர் ஜில்லாவில், ஊர்ப்பெண் ஒருத்திக்குச் சற்றுப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டி, கர்ப்ப காலத்திலும் பிரசவத்திலும் தங்களுக்கு நேரும் சங்கடங்களைத் தாங்களே பேசித் தாங்களே வழி காணும்படி விட்டார்கள். அப்படிக் கூடிய கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம், கூடாத கிராமங்களைவிட நூற்றுக்கு 30 பங்கு குறைந்திருந்தது என்று 2004இல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகை வெளியிட்டது. ஜார்க்கண்டிலும் ஒடிஸாவிலும் ஏக்ஜுட் என்ற ஸ்தாபனத்தார் 2005 முதல் 2008 வரை, பழங்குடி மக்கள் மிகுந்த மூன்று ஜில்லாக்களில் இதையே செய்து பார்த்ததில், குறைவு 32 பங்கு. மருந்து கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரி கட்டவில்லை. பெண்கள் கூடிப் பேசினார்கள். பம்பாய்ச் சேரிகளில் இதே முறையை நடத்தியபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலன் கிட்டுவது, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிசு மரணம் வேறு, இருதயக் குறை வேறு என்று யாரேனும் சொல்லலாம். வேறுதான். ஆயினும், எழுத்தறியாத தாய்மாரின் சம்பாஷணை உயிரைக் காக்க வல்லது என்பதற்கு 'லான்செட்'டைவிடப் பெரிய சாட்சியைக் கண்டிப்பான மனிதர்களுக்கு எங்கிருந்து கொண்டுவருவேன்?

மேல்நாட்டைக் காட்டி, அங்கெல்லாம் ஒழுங்காக டாக்டரிடம் விட்டுவிடுகிறார்கள் என்பாரும் உண்டு. இங்கிலாந்தில் 1950கள் வரையில் குழந்தைகள் வார்டுக்குத் தாய் வந்தால் பிள்ளை அழுகிறது, ஒழுங்கு கெடுகிறது என்று, வாரத்துக்கு ஓரிரு முறை மட்டுமே பார்க்கவிட்ட ஆஸ்பத்திரிகள் பல. 1959இல் சர்க்கார் நியமித்த பிளாட் குழு, தாய் உடனிருப்பதே நல்லது என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் கிடக்க, 1961இல் லண்டன் தாய்மார் சிலர் சங்கம் கூட்டி ஒவ்வோர் ஆஸ்பத்திரியாகத் தட்டத் தொடங்கிய பிறகே கதவு மெல்லத் திறந்தது. பிரிஸ்டல் நகரத்துச் செய்தி இதனினும் கொடியது. அங்கே குழந்தைகளின் இருதய ஆபரேஷன்களில் மரணம் மிகுதி என்பது ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் தனித்தனியே தெரியவில்லை. தன் குழந்தையின் விதி என்றே ஒவ்வொருவரும் நினைத்துப் புதைத்தார்கள். உள்ளிருந்த ஒரு மயக்க மருந்து டாக்டர் எழுப்பிய குரலும், பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்ட கேள்வியும் சேர்ந்துதான் பகிரங்க விசாரணையைக் கொண்டுவந்தன. 2001ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான அதன் அறிக்கை, 1991க்கும் 1995க்கும் இடையே ஒரு வயசுக்குட்பட்ட குழந்தைகளில் முப்பதிலிருந்து முப்பத்தைந்து பேர் வரை, எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு மேல் இறந்ததாகக் கண்டது. தனித்திருந்தவரையில் விதி, கூடியபோது கணக்கு.

நம் ஊரில் அந்தக் கூடுதலைத் தடுக்கும் பெரிய தாழ்ப்பாள் டாக்டரும் அல்லர், சர்க்காரும் அன்று. நம் வீட்டுப் பெரியவர்கள். "வெளியே சொல்லாதே, பொட்டைப் பிள்ளை, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று எக்கோ அறிக்கையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஆயிரம் குழந்தை பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இருதயக் குறை இருக்கும் என்பது உலகமெங்கும் கண்ட கணக்கு. அதை விருதுநகர் மாவட்டத்தின் ஜனத்தொகைக்கும் பிறப்பு விகிதத்துக்கும் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்கு 200 பிள்ளைகள் என்ற அளவில் வருகிறது. பத்து வருஷத்தில் இரண்டாயிரம் தாய்மார். அவர்களில் எவளைக் கேட்டாலும், "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பாள். பழி வேறு. கிரகணத்தன்று வெளியே வந்தாள், வாயைக் கட்டவில்லை என்று எதையாவது சொல்லி அவள் தலையில் போட்டாயிற்று. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் இக்குறைக்கு அபாயம் சற்று அதிகம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். தாய்மாமனுக்கே கொடுப்பது என்று தாம்பூலம் மாற்றியவர்கள் யாரோ, கர்மவினை மட்டும் பெற்றவளுக்கு! தன் கர்ப்பத்தில் தான் செய்த குற்றம் என்று நம்பிக்கொண்டிருப்பவளுக்கு, அதே குற்றம் சாட்டப்பட்ட இன்னும் பத்துப் பேரைக் கண்ணால் கண்டால் அந்தக் குற்றப்பத்திரிகை தானே கிழிந்துபோகும்.

"அவரவர் பிள்ளை அவரவருக்கு, பெறாதவளுக்கு என்ன தவிப்பு?" என்ற பேச்சு வேறு எந்த ஊரில் செல்லுமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்லாது. துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையை வளர்த்தவர் இவ்வூரில் பூமாலை கட்டியவர். ஆணாயிருந்தும் யசோதையாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, தாலாட்டிலிருந்து நிலாவைக் கூப்பிடுவது வரை பாடியவரும் அவரே. தெய்வத்தைக் கண்ணெதிரே கண்டபோதும் வரம் கேட்கத் தோன்றாமல், இதற்குக் கண் பட்டுவிடுமோ என்று கலங்கிப் பல்லாண்டு பாடியவர் என்பதால்தான் அவரைப் பெரியாழ்வார் என்றார்கள். பெறாத பிள்ளைக்காகக் கலங்குவதை இந்த ஊர் ஆயிரம் வருஷமாகக் கோயில் கட்டிக் கும்பிடுகிறது.

இனி ஒரே ஓர் ஆட்சேபம் பாக்கி. "சர்க்காரும் தகப்பன்மாரும் சுமக்கவேண்டியதையும் சேர்த்துத் தாய்மார் தலையிலேயே ஏற்றுகிறீரே" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. மில்லில் ஷிப்டு போனால் கூலி போகும் என்று தகப்பன் ஊரிலேயே தங்கிவிட, பொதிகை எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டியில் கைக்குழந்தையோடு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவளும், செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவளும் அவள்தான். பாதி வழியில் வேலையை இழக்கிறவளும் அவள்தான். அவளுடைய பஸ் கட்டணத்தையும் போன கூலியையும் காப்பீட்டு அட்டை தருவதில்லை. ஆகவே நான் தாய்மாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேளாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். கேட்பது மற்றவர்களிடம். தகப்பன்மார் வராந்தாவில் துண்டை விரித்துப் படுப்பதோடு நில்லாமல், பாலாடைக் கணக்கையும் சிரிஞ்சுக் கோட்டையும் கற்றுக்கொள்ளட்டும். மாமியார்மார் பீரோச் சாவியைக் கொடுக்கட்டும்.

சர்க்காரிடம் கேட்பதும் சிறிது. விருதுநகரில் 2022ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குறையோடு பிறந்த குழந்தைகளுக்கென்று மாவட்டந்தோறும் ஒரு மையம் வேண்டும் என்பது சர்க்காரே 2013இல் வகுத்த ஏற்பாடு. மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஓர் அறையை இந்தத் தாய்மாருக்குத் திறந்து விடுங்கள். தப்பான வார்த்தை விழுந்தால் திருத்துவதற்கு ஒரு நர்ஸம்மாளை உட்காரவையுங்கள். வழி கடந்த பழைய தாய் ஒருத்தி புதியவளுக்காக வத்திராயிருப்பிலிருந்தோ சத்திரப்பட்டியிலிருந்தோ வந்தால், அவளுக்குப் போக வர பஸ் சத்தத்தைக் கொடுத்துவிடுங்கள். நாற்காலி, மேஜை, விளம்பரப் பலகை எதுவும் வேண்டாம். உட்காரப் பாயை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம்.